கொங்குநாட்டில் இருந்துகொண்டு போர்க்கால விமான வரலாற்றைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் இருந்து இந்த வரலாற்றைத் தேடுகிறவர்கள் பலவகை. ஊர் வரலாறு எழுதும் ஆசிரியர்கள், வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய மெடலைக் கண்டெடுத்தவர்கள், பிளாஸ்டிக் மாடல் விமானத்துக்குச் சரியான நிறம் தேடும் பையன்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வெளிநாட்டுக் காப்பகங்களின் பட்டியல் ஆங்கிலத்தில் எங்கும் கிடைக்கும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நம் ஊரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காப்பகங்களில் ‘சூலூர்’ என்று தேடினால் ஒன்றும் சரியாகக் கிடைப்பதில்லையே, ஏன்?

ஊர்ப் பெயரில் தேடுவதுதான் காரணம். இரண்டாம் உலகப்போரில் கோவை வட்டாரத்தில் பெரிய அளவில் இயங்கியது பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு. கரையில் உள்ள நிலையத்தையும் கப்பலாகவே கணக்கு வைப்பது அந்தக் கடற்படையின் பழக்கம். நிலையத்துக்கு ‘எச்.எம்.எஸ்.’ என்று பெயர் சூட்டி, அங்கே வேலை பார்த்தவர்களைக் கப்பலில் பணியாற்றியவர்களாகவே ஏட்டில் எழுதுவார்கள். கோயம்புத்தூரில் 1942-ல் வந்த விமானப் பழுதுபார்ப்பு நிலையத்தின் பெயர் எச்.எம்.எஸ். கருடா. கோவையை ஒட்டிய சூலூரில் 1945 தொடக்கத்தில் வந்தது எச்.எம்.எஸ். வைரி. இரண்டும் போர் முடிந்த மறு ஆண்டு, 1946-ல், மூடப்பட்டன. கடற்கரையே இல்லாத மாவட்டத்துக்கு இரண்டு ‘கப்பல்’ இருந்திருக்கிறது!

தாம்பரத்தில் இருந்தது வல்லூறு, கொச்சியில் கழுகு, இலங்கையில் புத்தளத்தில் ராஜாளியா, கட்டுக்குருந்தையில் உகுஸ்ஸா. எல்லாமே பறவைப் பெயர்கள் என்பதால் ஒன்று கிடைத்தால் மற்றவற்றையும் அடையாளம் காணலாம். ஆங்கில எழுத்தில் இந்தப் பெயர்களைப் போட்டும், ‘ராயல் நேவல் ஏர்கிராஃப்ட் ரிப்பேர் யார்டு’ என்பதோடு கோயம்புத்தூரைச் சேர்த்தும் தேடிப் பாருங்கள். அதுவரை எட்டிப் பார்க்காத கோப்புகள் வரும்.

இவ்வளவு உள்ளே வந்து ஏன் அமைத்தார்கள்? 1942 ஏப்ரல் 5-ல் ஜப்பானியக் கப்பற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ந் தேதி திருகோணமலை. சென்னையே பாதி காலியானது அந்த மாதம்தான். கடற்கரையை விட்டுத் தள்ளியும் இருக்க வேண்டும், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொச்சித் துறைமுகத்துக்கு ரயிலும் இருக்க வேண்டும் என்றால் கோவையை விட வசதியான இடம் கிடைப்பது அரிது. இந்தக் கடைசி வாக்கியம் என் ஊகம்தான், ஆவணம் அல்ல.

கருடா கொச்சியில் அல்லவா இருக்கிறது?

அது ஐ.என்.எஸ். கருடா. இந்தியக் கடற்படை 1953-ல் தொடங்கியது. கோவையில் இருந்தது எச்.எம்.எஸ். கருடா. முன்னெழுத்தையும் ஆண்டையும் பார்க்காமல் இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய கட்டுரைகள் உண்டு. எழுதும்போது எச்சரிக்கையாக இருங்கள்.

முதலில் எந்த ஆவணத்தைப் பார்க்க வேண்டும்?

அன்றன்று எழுதியதை. பிரிட்டிஷ் விமானப்படையின் ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் (விமான அணியும்) ‘ஆபரேஷன்ஸ் ரெக்கார்டு புக்’ என்ற தினப்பதிவை வைத்திருந்தது. இவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் ‘ஏர் 27’ (AIR 27) என்ற தொடரில் உள்ளன. விமானதளங்களின் பதிவுகள் ‘ஏர் 28’. பள்ளிகள், பராமரிப்புப் பிரிவுகள் போன்ற சில்லறை அலகுகள் ‘ஏர் 29’. கடற்படை விமான ஸ்குவாட்ரன்களின் பதிவேடுகள் ‘ஏடிஎம் 207’ (ADM 207). நம் ஊர் கடற்படை நிலையங்களுக்கு ‘ஏடிஎம்’ என்று தொடங்கும் அட்மிரால்டி, அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தின், கோப்புகளைத்தான் முதலில் புரட்ட வேண்டும். பலர் ‘ஏர்’ தொடரிலேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

தினப்பதிவில் இரண்டு படிவங்கள் இருக்கும். படிவம் 540 என்பது அன்றைய நடப்பின் சுருக்கம்: யார் வந்தார், யார் மாற்றலாகிப் போனார், மழையால் ஓடுதளம் சேறானது, மாலையில் ஹாக்கி ஆட்டம். படிவம் 541-ல்தான் பறத்தல் கணக்கு. விமான வகை, எண், ஓட்டியவர் பெயர், என்ன வேலை, கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், நடந்தது என்ன என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒருவர் ‘தினமும் பர்மாவுக்குப் பறந்தேன்’ என்று சொல்லியிருந்தால் 541 அதைச் சரிபார்த்துவிடும். அதே சமயம் இதை எழுதியவரும் மனிதர்தான். பெரும்பாலும் இளநிலை அதிகாரி ஒருவர் மாதக் கடைசியில் உட்கார்ந்து சேர்த்து எழுதுவார். பெயர் எழுத்து தப்பும், எண் இடம் மாறும்.

நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. போர்க்காலத்தில் இந்தியக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை நம் நேரம் கிரீன்விச்சை விட ஆறரை மணி நேரம் முன்னால். இப்போதுள்ள ஐந்தரை மணியை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் தவறிவிடும்.

லண்டன் போகாமல் இதையெல்லாம் பார்க்க முடியுமா?

ஏர் 27 தொடர் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கிறது. மற்றவற்றுக்குப் பணம் கட்டி நகல் கேட்கலாம். கோப்பு எண் சரியாகத் தெரிந்தால் செலவு குறையும், அதனால் பட்டியலைப் பொறுமையாகப் படித்துவிட்டுக் கேளுங்கள். செலவே இல்லாத வழிகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ‘டிரோவ்’, நியூசிலாந்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ இரண்டிலும் பழைய நாளிதழ்களை இலவசமாகப் படிக்கலாம். பர்மா முனையில் பறந்த பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களில் ஆஸ்திரேலியர்கள் நிறைய. கடற்படை விமானிகளில் நியூசிலாந்துக்காரர்கள் நிறைய. அவர்கள் ஊர்ப் பத்திரிகையில் வந்த கடிதங்களும் பேட்டிகளும் அங்கே இருக்கின்றன. ஜப்பான் தரப்பு ஆவணங்களை ‘ஜகார்’ (JACAR) என்ற அரசு மின்காப்பகம் இலவசமாகத் தருகிறது. ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் கொஞ்சம் கஷ்டம்.

வீட்டில் ஒரு பழைய போட்டோ. விமானத்தில் ‘ஜே.டி.’ (JT) என்று ஆரம்பித்து மூன்று இலக்கம் தெரிகிறது. என்ன விமானம்?

உடம்புப் பகுதியின் பின்பக்கம், வாலுக்கு முன்னால் எழுதியிருந்தால் அது பிரிட்டிஷ் வரிசை எண். ஜே.டி. 100 முதல் 704 வரை கோர்சேர், அமெரிக்காவில் செய்து பிரிட்டிஷ் கடற்படைக்குக் கொடுத்த சண்டை விமானம். இந்த எண்களுக்கென்றே ‘ஏர்-பிரிட்டன்’ என்ற அமைப்பு பல ஆண்டுகளாகத் தொகுப்புகள் வெளியிடுகிறது. எந்த எண் எந்த ஸ்குவாட்ரனுக்குப் போனது, எப்போது விபத்துக்குள்ளானது என்று ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வரி இருக்கும். கடற்படை விமானங்களுக்கு ரே ஸ்டர்டிவன்ட் பெயரில் வந்த தொகுதிகளே கைநூல். விலை அதிகம். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்குவது புத்திசாலித்தனம்.

போட்டோவின் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தணிக்கை முத்திரை, பென்சில் எழுத்து எல்லாம் அங்கேதான். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் படங்களோடு ஒப்பிடும்போது, ‘ஏ’ என்று தொடங்கும் எண்கள் கடற்படையின் அதிகாரப்பூர்வப் படங்கள்.

1942-ல் சூலூர் விமானதளத்துக்குத் தீ வைத்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்களே, அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

விமான வரலாற்றுப் புத்தகங்களில் தேடாதீர்கள், இருக்காது. பிரிட்டிஷ் கடற்படை அங்கே கணக்கு எழுதத் தொடங்கியதே அதற்குப் பிறகு. நமக்கோ சூலூரின் போர்க்கால வரலாறு என்றால் அந்தத் தீதான் முதல் அத்தியாயம்.

‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் ஆகஸ்ட் 8-ல் நிறைவேறியது. அதே மாதம் கோவை அருகே ராணுவத் தளவாட ரயில் கவிழ்க்கப்பட்டது. ஆகஸ்ட் 26-ல் சூலூர் விமானதளத்தில் கொட்டகைகளும் லாரிகளும் எரிந்தன. பிறகு கண்ணம்பாளையம் முதலான ஊர்களில் போலீஸ் புகுந்தது. இதற்கான ஆதாரங்கள் வேறு அலமாரியில் இருக்கின்றன. முதலாவது, சென்னை மாகாண அரசு மத்திய அரசுக்கு அனுப்பிய பதினைந்து நாள் அறிக்கைகள். இவை டெல்லி தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்துறை அரசியல் பிரிவில் ‘18’ என்ற எண்ணோடு மாதமும் ஆண்டும் சேர்த்து அடுக்கப்பட்டவை. 1942 ஆகஸ்டுக்கு 18/8/42. ‘அபிலேக் படல்’ என்ற அவர்களுடைய இணையதளத்தில் தேடலாம். இரண்டாவது, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தின் அரசாணைகள். மூன்றாவது, தமிழக அரசு 1973-ல் வெளியிட்ட விடுதலைப் போராட்ட வீரர்கள் யார் எவர் தொகுதிகள். ஊர், சிறை, தண்டனைக் காலம் என்று சுருக்கமாக இருக்கும். ஒரே ஊரில் இருந்து ஒரே தேதியில் பலர் தண்டனை பெற்றிருந்தால் வழக்கு எண்ணைத் தேடிப் போகலாம்.

அன்றைய நாளிதழில் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தணிக்கை இருந்த காலம். ‘தென்னிந்தியாவில் ஓரிடத்தில்’ என்பது போல மழுப்பித்தான் வரும். சம்பவம் நடந்த நாட்களைத் தாண்டி, வழக்கு நடந்த மாதங்களின் இதழ்களைப் பாருங்கள். தீர்ப்புச் செய்தியில் ஊர்ப் பெயர் வந்துவிடும்.

எங்க தோட்டத்து நிலம் விமானதளத்துக்குப் போனதாக அப்பாரு சொல்வார். காகிதம் கிடைக்குமா?

கிடைக்க வாய்ப்புண்டு. போர்க்காலத்தில் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நிலத்தைத் தற்காலிகமாகக் கையகப்படுத்தவும் அரசால் முடிந்தது, வழக்கமான சட்டப்படி நிரந்தரமாக எடுக்கவும் முடிந்தது. இரண்டும் வெவ்வேறு கோப்பு. உங்கள் கையில் இருக்க வேண்டியது பழைய புல எண். இப்போதைய சிட்டாவில் உள்ள எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு போனால் சுற்றி விடுவார்கள். கிராம ‘அ’ பதிவேட்டில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்டு, வருவாய்த்துறை அரசாணைகளையும் மாவட்ட அரசிதழையும் அந்த எண்ணால் தேடுங்கள். கிணறு, தென்னை, வேலிக்கு எவ்வளவு ஈடு கொடுத்தார்கள் என்பது வரை சில கோப்புகளில் இருக்கும். இழந்த இடம் இப்போது எந்தப் பக்கம் என்று தெரிய, அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950-களில் போட்ட இந்திய வரைபடங்களைப் பாருங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசம். ஓடுதளங்கள் குறிக்கப்பட்டிருக்கும்.

அப்புச்சி மிலிட்டரியில் ‘ஏரோபிளேன் வேலை’ பார்த்தார். மெடல் மட்டும்தான் இருக்கிறது.

மெடலின் முகத்தைப் பார்க்காமல் விளிம்பைப் பாருங்கள். பிரிட்டனில் கொடுத்த இரண்டாம் உலகப்போர் மெடல்களில் பெரும்பாலும் பெயர் இருக்காது. இந்தியாவில் கொடுத்தவற்றில் எண், பதவி, பெயர், பிரிவுச் சுருக்கம் பொறித்திருப்பார்கள். நட்சத்திர வடிவ மெடலானால் பின்பக்கம் இருக்கும். நல்ல வெளிச்சத்தில் சாய்த்து வைத்துப் படம் எடுங்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். அந்தச் சேவை எண் கிடைத்தால்தான் அடுத்த கதவு திறக்கும்.

அவர் சிப்பாயாக இல்லாமல் கருடாவில் கூலிக்கோ மாதச் சம்பளத்துக்கோ வேலை பார்த்த ஃபிட்டராக, தச்சராக இருந்திருக்கவும் கூடும். அப்படியானால் மெடல் இருக்காது. பாஸ், சம்பளச் சீட்டு, வேலை முடிந்து போகும்போது கொடுத்த நன்னடத்தைச் சான்று இவைதான் ஆதாரம். பித்தளை டோக்கன் ஏதாவது கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாமல் வையுங்கள்.

அவர் விமானியாக இருந்திருந்தால் பறத்தல் குறிப்பேடு, அதாவது லாக்புக், எல்லாவற்றையும் விட மேல்.

இங்கே இறந்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் எங்கே?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் தெரியாமலே தேடலாம். கடற்படைக்காரர்களுக்குப் பிரிவின் இடத்தில் கப்பல் பெயர் இருக்கும், கருடா, வைரி என்று போட்டுப் பாருங்கள். தென்னிந்தியாவில் சிதறிக் கிடந்த கல்லறைகளை ஒன்றுசேர்க்க 1952-ல் சென்னை நந்தம்பாக்கத்தில் ஒரு போர்க் கல்லறை அமைத்தார்கள். 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். உடல் கிடைக்காத விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் இருக்கின்றன. பர்மாவில் காணாமல் போன இந்திய விமானப்படையினரையும் அங்கேதான் தேட வேண்டும். பிரிட்டிஷ் கடற்படை விமானிகளுக்கு இங்கிலாந்தில் லீ-ஆன்-சோலன்ட் என்ற ஊரில் தனி நினைவிடம்.

போர் முடிந்ததும் விமானங்களைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டார்கள் என்பது உண்மையா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. பின்னணி என்னவென்றால், அமெரிக்காவின் ‘லெண்ட்-லீஸ்’ ஏற்பாட்டில் வந்த விமானங்களைப் போருக்குப் பிறகு திருப்பித் தர வேண்டும், அல்லது விலை கொடுக்க வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். பிரிட்டனிடம் காசில்லை. ஆஸ்திரேலியக் கடலோரத்தில் புத்தம்புது விமானங்களைக் கப்பலிலிருந்து தள்ளிவிட்டார்கள். கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை அடித்து நொறுக்கிக் குவித்துவிட்டுப் போனார்கள். நம் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை ஆட்கள் அந்தக் குப்பையிலிருந்தே நாற்பதுக்கு அருகில் விமானங்களை மீட்டுப் பறக்கவைத்தார்கள்.

ஆகவே ‘அழித்தார்கள்’ என்பது நம்பத் தக்கது. ‘என் ஊர் மேட்டுக்கு அடியில் முழு விமானம் இருக்கிறது’ என்பதற்குத் தனி ஆதாரம் வேண்டும். அழிப்புக் கணக்கு, தேதி, விமான எண் மூன்றில் ஒன்றாவது காட்டாமல் யாராவது தோண்டப் பணம் கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

‘இத்தனை விமானங்களை வீழ்த்தினோம்’ என்று ஒவ்வொரு நாடும் ஒரு கணக்கு சொல்கிறதே, எதை நம்புவது?

வீழ்த்தியதாகச் சொன்னவர் கணக்கை விட, இழந்தவர் கணக்கு உண்மைக்குக் கிட்டே இருக்கும். 1940 செப்டம்பர் 15-ல் 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. ஜெர்மனியின் ஏடுகளில் இழப்பு சுமார் 60. பொய் சொல்ல வேண்டும் என்பது இல்லை, ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டு மூன்று பேரும் எழுதிவிடுவார்கள்.

எதிரியின் ஏடு நம் ஆளுக்கே நியாயம் வாங்கிக்கொடுத்ததும் உண்டு. 1965 செப்டம்பர் 7, பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கப் போன நம் 1-ம் ஸ்குவாட்ரனின் மிஸ்டேர் விமானங்களில் ஒன்று திரும்பவில்லை. ஓட்டியவர் குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் ஏ.பி. தேவய்யா. காணவில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள். பாகிஸ்தான் தரப்புத் தகவல்களைக் கொண்டு பிரிட்டிஷ் எழுத்தாளர் ஒருவர் 1979-ல் வெளியிட்ட புத்தகத்தில், பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் ஜெட் ஒன்றை ஒரு மிஸ்டேர் சண்டையிட்டு வீழ்த்தியது என்று வந்தது. மிஸ்டேர் ஸ்டார்ஃபைட்டரை விட வேகத்தில் பாதிதான். நாள், இடம், நேரம் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்தபோது அது தேவய்யாவாக மட்டுமே இருக்க முடிந்தது. 1988-ல், 23 ஆண்டு கழித்து, மகாவீர் சக்கரம் அறிவித்தார்கள். நம் ஆவணத்தை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் இன்னமும் அவர் ‘காணவில்லை’ பட்டியலில்தான் இருந்திருப்பார்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய போர்களுக்கு இந்திய ஆதாரங்கள்?

1933 முதல் 1945 வரையிலான இந்திய விமானப்படை வரலாறு அரசின் அதிகாரப்பூர்வ வரிசையில் 1961-ல் வந்தது. 1965, 1971 போர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு எழுதியவை நெடுநாள் உள்சுற்றுக்கு மட்டும் இருந்து, பிறகு இணையத்தில் கசிந்தன. விமானப் போரை மட்டும் படிக்க வேண்டுமென்றால் பி.வி.எஸ். ஜெகன் மோகனும் சமீர் சோப்ராவும் எழுதியவை நல்ல தொடக்கம், இரண்டு தரப்பையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். ‘பாரத் ரக்‌ஷக்’ தளத்தில் அதிகாரிகளின் பெயர்ப்பட்டியல் உண்டு. விருதுகளுக்கு இந்திய அரசிதழே இறுதி.

2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கை அறிவித்தது. போர்க் கோப்புகளைப் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளியிட வேண்டும் என்கிறது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

நம் ஊர்த் தொடர்பு இதிலும் உண்டு. இந்தியக் கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். ஹன்சா 1961-ல் தொடங்கப்பட்டது சூலூரில்தான். 1964-ல் கோவாவுக்குப் போனது. 1971 டிசம்பரில் விக்ராந்த் விமானம்தாங்கிக் கப்பலிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கிய சீ ஹாக் விமானங்களின் முன்கதையைச் சூலூரில் தேட வேண்டும். 2020-ல் சூலூரில் தேஜஸ் போர் விமானத்தோடு மீண்டும் தொடங்கிய 18-ம் ஸ்குவாட்ரன், 1971 டிசம்பர் 14-ல் ஸ்ரீநகரில் உயிர்நீத்த பரம்வீர் சக்கர வீரர் நிர்மல் ஜித் சிங் செகோனின் ஸ்குவாட்ரன்.

விக்கிப்பீடியா போதாதா?

வழி கேட்கப் போதும். கட்டுரைக்கு அடியில் உள்ள சான்றைத் திறந்து படித்துவிட்டு அதை எழுதுங்கள். யூடியூப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

தமிழில் என்ன இருக்கிறது?

இதற்கென்றே எழுதிய நூல்கள் குறைவு. ஆனால் மூலப்பொருள் இருக்கிறது. போர்க்காலத்துச் சுதேசமித்திரன், தினமணி, வார இதழ்களில் ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கை) ஒத்திகை, இருட்டடிப்பு, விமானப்படையில் சேரச் சொல்லும் விளம்பரம் எல்லாம் வரும். சென்னை தரமணி ரோஜா முத்தையா நூலகமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் முதலில் தட்ட வேண்டிய கதவுகள். 1966-ல் பி.எஸ். பாலிகா தொகுத்த கோவை மாவட்ட கெசட்டியர் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஊர்ப் பின்னணிக்கு உதவும்.

இன்றைய சூலூர் தளத்தைப் படம் எடுத்து ஒப்பிடலாமா?

கூடாது. அது இயங்கும் ராணுவத் தளம். வேலிக்கு வெளியே நின்றாலும் கேமராவும் டிரோனும் வம்பில்தான் முடியும். பழைய வரைபடம் போதும்.

ஊரில் பெரியவர்களிடம் என்ன கேட்பது?

1944-ல் பத்து வயதுப் பையனாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. காப்பகக் கோப்பு அடுத்த வருடமும் இருக்கும், அதனால் இதை முதலில் செய்யுங்கள். ‘என்ன விமானமுங்க?’ என்று கேட்டால் தெரியாது என்பார்கள், அல்லது பேத்தி சொன்ன பெயரைச் சொல்வார்கள். பார்த்ததைக் கேளுங்கள். இறக்கையை மேலே மடக்கி நிறுத்தியிருந்தார்களா? மடக்கினால் பெரும்பாலும் கப்பல் விமானம். இறக்கையில் இருந்த வட்டத்தில் சிவப்பு இருந்ததா? ஜப்பான் விமானத்தின் சிவப்பு உருண்டையோடு குழம்பாமல் இருக்கக் கிழக்கு முனையில் பிரிட்டிஷ் விமானங்கள் நடுச் சிவப்பை எடுத்துவிட்டன. நீலமும் வெள்ளையும் மட்டும் என்று ஒருவர் சொன்னால் அவர் கண்ணால் பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

தேதி கேட்காதீர்கள். மாரியம்மன் சாட்டுக்கு முந்தியா பிந்தியா, சோளம் அறுத்தாச்சா, பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தார்களா என்று கேளுங்கள். அப்புறம் பழைய பஞ்சாங்கத்தை வைத்து மாதத்தைக் கண்டுபிடித்து, அந்த மாதத்துத் தினப்பதிவைத் திறக்கலாம். பேச்சைப் பதிவு செய்யும்போது முதலில் அன்றைய தேதி, ஊர், பேசுகிறவர் வயது, யார் கேட்பது என்று ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.